பிடித்த தெருநாயை ஏன் அதே தெருவில் விடுகிறார்கள்? உள்ளாட்சியின் கடமையும் நம் கடமையும்

மஃரிபுக்குப் பிறகு மதரஸா விட்டு வரும் பிள்ளைகள், ஃபஜ்ர் தொழுகைக்கு இருட்டில் நடந்து போகும் பெரியவர்கள், அதிகாலையில் பால் வாங்கப் போகும் பெண்கள். நம் ஊர்களில் தெருநாய்க்கு அதிகம் பயப்படுகிறவர்கள் இவர்கள்தான். ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வரும் புகாரும் இதைப் பற்றியதுதான். "நகராட்சி வண்டி வந்தது, நாய்களைப் பிடித்துக்கொண்டு போனது, ஒரு வாரத்தில் அதே நாய்களை அதே தெருவில் கொண்டுவந்து இறக்கிவிட்டது" என்று ஒருவர் எழுதுவார். உடனே இரண்டு விதமான பதில்கள் வரும். ஒன்று, "நகராட்சி நம்மை ஏமாற்றுகிறது." இன்னொன்று, "சோற்றில் விஷத்தைக் கலந்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்."

முதல் பதில் சட்டம் தெரியாததால் வருவது. இரண்டாவது பதில் சட்டப்படி குற்றம், மார்க்கப்படி பாவம். நாய்களால் வரும் ஆபத்து உண்மையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆபத்தைக் குறைக்க வேண்டுமென்றால், உள்ளாட்சி என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறது, எதைச் செய்யக் கூடாது, நாம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

யாருடைய பொறுப்பு?

தெருவில் திரியும் நாய், பூனை, மாடு ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகிய உள்ளாட்சி அமைப்புகளின் வேலை. பெரும்பாலும் பொதுச் சுகாதாரப் பிரிவே இதைக் கவனிக்கிறது. அறுவை சிகிச்சை, தடுப்பூசி போன்றவற்றுக்குக் கால்நடை மருத்துவர்கள் தேவை. மிருகவதை நடந்தால் வழக்குப் பதிவு செய்வது காவல்துறை.

இவர்கள் எல்லோரும் கட்டுப்பட வேண்டிய அடிப்படைச் சட்டம் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம். இது வருவதற்கு முக்கியக் காரணமாக இருந்தவர், சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் இதற்கு வித்திட்டது. இச்சட்டத்தின் கீழ் 1962-ல் இந்திய விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அதன் தலைமையகமும் சென்னையில்தான் இருந்தது.

தெருநாய்களைப் பொறுத்தவரை, இச்சட்டத்தின் கீழ் முதலில் 2001-ல் விதிகள் வந்தன. அவற்றுக்குப் பதிலாக 2023 மார்ச்சில் புதிய 'விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள்' வந்தன. இன்று நம் ஊருக்கு வரும் நாய் பிடிக்கும் வண்டி இந்த விதிகளின்படிதான் இயங்க வேண்டும்.

ஒரு காலத்தில் கொன்றார்கள்

"அந்தக் காலத்தில் நகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுவிடும், பிரச்சினை இருக்காது" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. கொன்றது உண்மை. சென்னையில் மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொல்வதைப் பல்லாண்டுகளாகச் செய்துவந்தது. ஆனால் பிரச்சினை இல்லாமல் போகவில்லை. ஆண்டுதோறும் கொன்றும் நாய்கள் குறையவில்லை, வெறிநோயும் ஒழியவில்லை. 1964 முதலே கருத்தடை முறையை வலியுறுத்தி வந்த சென்னை ப்ளூ கிராஸ் அமைப்பின் யோசனையை ஏற்று, 1996-ல் மாநகராட்சி கொல்லும் முறையைக் கைவிட்டுக் கருத்தடை, தடுப்பூசி முறைக்கு மாறியது. பிறகு நாடு முழுவதற்கும் அதுவே விதியானது.

கொன்றும் ஏன் குறையவில்லை? ஒரு தெருவில் எத்தனை நாய்கள் வாழும் என்பதை அந்தத் தெருவில் கிடைக்கும் தீனிதான் முடிவு செய்கிறது. இருந்த நாய்களை அகற்றிவிட்டுத் தீனியை மட்டும் அப்படியே விட்டால், பக்கத்துப் பகுதி நாய்கள் அங்கே வந்து சேரும். ஒரு பெண் நாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 2 மாதம்தான். ஆண்டுக்கு இரண்டு முறைகூடக் குட்டி போடும். எனவே வெற்றிடம் சீக்கிரமே நிரம்பிவிடும். புதிதாக வருபவை தடுப்பூசி போடாதவை, தெருக்காரர்களைப் பழகாதவை, ஒன்றோடொன்று இடத்துக்காகச் சண்டையிடுபவை. கடி ஆபத்து அப்போதுதான் கூடுகிறது.

பிடிப்பதிலிருந்து விடுவது வரை

சட்டம் சொல்லும் முறை இதுதான். நாய் பிடிக்க வருமுன் அப்பகுதி மக்களுக்கு அறிவிக்க வேண்டும். கையாலோ வலையாலோ பிடிக்க வேண்டும். இடுக்கி, கம்பிச் சுருக்கு போன்றவற்றைப் பயன்படுத்தக் கூடாது. 6 மாதத்துக்குக் குறைந்த குட்டிகளை அறுவை சிகிச்சைக்காகப் பிடிக்கக் கூடாது. எந்த நாய் எந்த இடத்தில் பிடிபட்டது என்று குறித்துவைக்க வேண்டும். மையத்துக்குக் கொண்டுபோய், உடல்நிலை பார்த்து, கருத்தடை அறுவை சிகிச்சை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காயம் ஆறும்வரை சில நாட்கள் தீனியும் தண்ணீரும் கொடுத்துப் பராமரிக்க வேண்டும். அடையாளத்துக்காகக் காதின் நுனியில் சிறு வெட்டு இருக்கும். பிறகு பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விட வேண்டும்.

ஆகவே, நம் தெருவில் காது நுனி வெட்டப்பட்ட நாயைப் பார்த்தால், அது கருத்தடையும் தடுப்பூசியும் ஆன நாய் என்று பொருள். அது குட்டி போடாது. வேறு நாய்களை எளிதில் தெருவுக்குள் விடாது. தடுப்பூசி உரிய காலத்தில் மறுபடி போடப்பட்டுவந்தால் அதனால் வெறிநோய் பரவாது. அந்த நாயை நாமே அடித்து விரட்டினால் நமக்கிருந்த ஒரு பாதுகாப்பை நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டுவந்தால், அங்கே நாய்கள் வழியாக வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அரைகுறையாகச் செய்தால் பலன் இல்லை. இங்கேதான் நம் உள்ளாட்சிகள் தவறுகின்றன. சென்னையையே எடுத்துக்கொள்வோம். 2018 கணக்கெடுப்பில் 57 ஆயிரத்துக்கும் மேல் என்றிருந்த தெருநாய்களின் எண்ணிக்கை, 2024 கணக்கெடுப்பில் 1.8 லட்சத்தைத் தாண்டியிருந்தது. கருத்தடை மையங்கள் இயங்கியும் இந்த நிலை. பிறக்கும் வேகத்துக்கு அறுவை சிகிச்சைகள் ஈடுகொடுக்கவில்லை. பேரூராட்சிகளின் நிலை இன்னும் கடினம். பலவற்றில் தனி மையம் கிடையாது. பக்கத்து நகராட்சியையோ தொண்டு நிறுவனத்தையோ நம்பியிருக்க வேண்டும்.

எனவே "நாயை ஏன் திரும்ப விட்டீர்கள்?" என்று கேட்டுப் பயனில்லை. "எங்கள் வார்டில் எத்தனை நாய்கள் இருக்கின்றன, அவற்றில் எத்தனைக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் ஆகியிருக்கிறது, மீதிக்கு எப்போது?" என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்கு உள்ளாட்சி பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

2025-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

2025-ல் வந்த அடுத்தடுத்த உத்தரவுகளால் பலருக்கும் குழப்பம். சுருக்கமாகப் பார்ப்போம்.

ஆகஸ்ட் 11 அன்று இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு, டெல்லியிலும் சுற்றுப்பகுதிகளிலும் உள்ள தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடை, தடுப்பூசி, குடற்புழு நீக்கம் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்ட அல்லது சந்தேகப்படும் நாய்களையும், மூர்க்கமாகக் கடிக்கும் நாய்களையும் மட்டும் விடக் கூடாது என்றது. கண்ட இடத்தில் தெருவில் தீனி போடக் கூடாது, ஒவ்வொரு வார்டிலும் அதற்கென இடம் ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. வழக்கை நாடு முழுவதற்குமாக விரித்தது.

நவம்பர் 7 அன்று வந்த உத்தரவு நமக்கு இன்னும் நெருக்கமானது. கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றுக்குள் இருக்கும் தெருநாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க வேண்டும், அதே வளாகத்தில் திரும்ப விடக் கூடாது என்று நீதிமன்றம் கூறியது. வளாகங்களுக்கு வேலி, கதவு அமைப்பதையும் கண்காணிப்புக்கு ஒரு பொறுப்பாளரை நியமிப்பதையும் வலியுறுத்தியது. நம் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் பள்ளி, கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். உடைந்து கிடக்கும் சுற்றுச்சுவரைச் சரிசெய்வது நிர்வாகத்தின் வேலை. உள்ளே இருக்கும் நாயைப் பிடித்துச் செல்வது உள்ளாட்சியின் வேலை.

கடித்துவிட்டால்

சட்டத்தைவிட அவசரமானது இது. வெறிநோயின் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் பிழைப்பது ஏறத்தாழ இல்லை. ஆனால் கடித்தவுடன் முறையாகச் சிகிச்சை எடுத்தால் அந்த நோய் வராமல் தடுத்துவிடலாம்.

முதலில் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித் தூள் எதையும் வைக்கக் கூடாது. நாயின் எச்சில் பட்டதை ஏழு முறை, அதில் ஒரு முறை மண்ணிட்டுக் கழுவ வேண்டும் என்ற ஷாஃபிஈ மத்ஹபுச் சட்டத்தை நினைத்துச் சிலர் காயத்தின் மேலேயே மண்ணைப் போடக்கூடும். திறந்த காயத்தில் மண் படக் கூடாது. உயிர் காக்கும் சிகிச்சையை முதலில் முடியுங்கள். தூய்மை பற்றிய சட்டத்தைப் பிறகு ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போக வேண்டும். தடுப்பூசி அங்கே இலவசம். அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடுகிறார்கள். இரத்தம் வரும் காயமாக இருந்தாலோ, ஏற்கெனவே இருந்த புண்ணில் அல்லது வாய், கண்களில் எச்சில் பட்டிருந்தாலோ, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். அதை மருத்துவரிடம் கேளுங்கள். வலி போய்விட்டது என்று பாதி ஊசியோடு நிறுத்திவிடக் கூடாது. நோய் பெரும்பாலும் 1 முதல் 3 மாதத்தில் வெளிப்படும். சிலருக்கு அதைவிடத் தாமதமாகவும் வரலாம்.

ஓதிப் பார்ப்பது, துஆ செய்வது நல்லதுதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது மார்க்கம் காட்டிய வழியல்ல. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே பூனையையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் நாய் இல்லாவிட்டாலும் பூனை இருக்கும். பிள்ளைகள் அதோடு படுத்துத் தூங்குவார்கள். பூனைக்கும் வெறிநோய் வரும். அது கடித்தாலும் கீறி இரத்தம் வந்தாலும் நாய்க்கடிக்குச் செய்வதையே செய்ய வேண்டும். வீட்டுப் பூனைக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள். பிள்ளைகள் அடி கிடைக்கும் என்று பயந்து கடித்ததை மறைத்துவிடுவார்கள். "நாயோ பூனையோ கீறினால் உடனே உம்மாவிடம் சொல்லு, யாரும் திட்டமாட்டார்கள்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கடித்த நாயைப் பற்றி உள்ளாட்சிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். வெறிநோய் இருக்கலாம் என்று சந்தேகப்படும் நாயைப் பிடித்துத் தனியே அடைத்துக் கண்காணிக்க வேண்டியது அவர்களின் கடமை. வெறிநோய் உள்ள நாய் பொதுவாக 10 நாட்களுக்குள் இறந்துவிடும். ஆனால் நாய்க்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

விஷம் வைத்தால் சிறை

நாய்க்கு விஷம் வைப்பது, அடித்துக் கொல்வது, ஊனமாக்குவது ஆகியவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவின்படி 5 ஆண்டுகள் வரை சிறை விதிக்கக்கூடிய குற்றம். மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவும் இதைத் தடுக்கிறது. அந்தப் பிரிவின் கீழ் முதல் முறை குற்றத்துக்கு இன்னும் 10 முதல் 50 ரூபாய் வரைதான் அபராதம். அந்தத் தொகை 1960-ல் எழுதப்பட்டது. அதனால் "நாயை அடித்தால் 50 ரூபாய்தானே" என்று பலர் நினைக்கிறார்கள். 325-ஆவது பிரிவை அவர்கள் அறிவதில்லை. விஷம் வைத்த சோற்றைப் பூனையும் காகமும் ஆடும் தின்னும். தெருவில் விளையாடும் குழந்தையின் கையும் அதில் படலாம்.

நாயை வண்டியில் ஏற்றி அடுத்த ஊர் எல்லையில் விட்டுவிட்டு வருவதும் விதிக்கு எதிரானது. நம் தெருவின் ஆபத்தை இன்னொரு ஊர்ப் பிள்ளைகளின் தலையில் கட்டுவது எப்படி நியாயமாகும்?

நாய்களுக்குத் தீனி போடுபவர்களுக்கும் விதி உண்டு. பிள்ளைகள் விளையாடும் இடம், மாடிப்படி, கட்டட வாசல் ஆகியவற்றிலிருந்து விலகி, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில், குறிப்பிட்ட நேரத்தில்தான் போட வேண்டும். இறைச்சி மிச்சத்தை வாசலில் கொட்டிவிட்டுப் புண்ணியம் என்று சொல்ல முடியாது.

மாட்டுக்கும் இதே கதைதான்

சாலையில் திரியும் மாடுகளைப் பிடித்து அடைக்கும் பவுண்டு, 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டக் காலத்திலிருந்தே இருக்கிறது. பிடிபட்ட மாட்டுக்குத் தீனி போட்டு, உரிமையாளரிடம் அபராதமும் பராமரிப்புச் செலவும் வாங்கிக்கொண்டு விடுவது வழக்கம். சென்னையில் 2024-ல் இந்த அபராதம் முதல் முறைக்கு 10,000 ரூபாயாகவும், மறுபடி பிடிபட்டால் 15,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. மாட்டுக்கு உரிமையாளர் உண்டு, அவரைப் பிடித்துக் கேட்கலாம். தெருநாய்க்கு உரிமையாளர் இல்லை. அதனால்தான் உள்ளாட்சியே அதன் பொறுப்பாளி ஆகிறது. வீட்டு நாய்க்கு உரிமையாளர் இருக்கிறார் என்பதால்தான் சென்னை மாநகராட்சி உரிமம் கேட்கிறது. உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் அறிவித்திருக்கிறது.

குர்பானிக் காலத்தில் இந்தச் சட்டம் நம் வாசலுக்கே வருகிறது. மார்க்க முறைப்படி அறுப்பதை மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு குற்றமாகக் கருதுவதில்லை. ஆனால் ஆடுகளை மூச்சுத் திணறத் திணித்து ஏற்றிவருவதும், தீனி தண்ணீர் இல்லாமல் கட்டிப்போடுவதும் அதே சட்டத்தில் குற்றம். அறுக்கும் பிராணிக்குக் கத்தியைக் கூர்மையாக்கி அதற்கு எளிதாக்கிக் கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டிருக்கிறார்கள். அவர்களின் உம்மத்துக்குச் சட்டம் வந்துதான் இதைச் சொல்ல வேண்டும் என்ற நிலை வரக் கூடாது.

மார்க்கம் எங்கே நிற்கிறது?

"நாய் நஜீஸ்தானே, அதன்மேல் என்ன இரக்கம்?" என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. நாயின் எச்சில் நஜீஸ் என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. கழுவும் முறையில்தான் வேறுபாடு. ஆனால் அது சுத்தம் பற்றிய சட்டம். உலர்ந்த நாய் உலர்ந்த ஆடையில் உரசிப் போனால் கழுவ வேண்டியதும் இல்லை. நஜீஸ் என்பதை வைத்து ஓர் உயிரைக் கல்லால் அடிக்கலாம் என்று எந்த இமாமும் சொல்லவில்லை.

தாகத்தில் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் பாவத்தை அல்லாஹ் மன்னித்தான் என்ற செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. பூனையைக் கட்டிப்போட்டு, தானும் தீனி கொடுக்காமல், அதுவாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்ததும் அதே நூல்களில் இருக்கிறது. பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தை சூரா அல்அன்ஆமில் ஓதுகிறோம். வேட்டைக்கும் கால்நடைக் காவலுக்கும் விளைநிலக் காவலுக்கும் நாய் வளர்க்க அனுமதி இருக்கிறது.

அதே மார்க்கம் மனித உயிரையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஹரம் எல்லையிலும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்து தீங்கு தரும் உயிரினங்களில் கடித்துக் குதறும் வெறி நாயும் ஒன்று. சாதாரண நாயையும் வெறி நாயையும் மார்க்கம் வேறுபடுத்துகிறது. ஆபத்தில்லாததை அதன் இடத்தில் விட்டு, வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் தனியே பிரிக்கும் இன்றைய விதிமுறையும் ஏறத்தாழ இதே வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. எது வெறி நாய் என்று முடிவு செய்து நடவடிக்கை எடுப்பது, நாட்டின் சட்டப்படி, அதற்கென உள்ள அதிகாரியின் வேலை. கையில் தடி வைத்திருப்பவரின் வேலையல்ல.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதும் அல்ல. இஸ்லாமிய ஆட்சிகளில் முஹ்தஸிப் என்ற அதிகாரி கடைத்தெருவில் எடை, அளவை மட்டும் பார்க்கவில்லை. பிராணிகளுக்குத் தீனி குறைப்பதையும் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவதையும் தடுப்பது அவரது கடமைகளில் சேரும் என்று 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் அல்மாவர்தீ எழுதியிருக்கிறார்கள். மக்களுக்குப் பாதுகாப்பும் பிராணிக்கு நீதியும் ஒரே அதிகாரியின் பொறுப்பாக அன்றே இருந்திருக்கிறது.

மஹல்லா என்ன செய்யலாம்?

1. தீனியை நிறுத்துங்கள். கறிக்கடைக் கழிவும், மீன் கழிவும், வலீமா முடிந்த மண்டபத்துக்குப் பின்னால் கொட்டும் பிரியாணி மிச்சமும்தான் நாய்க்கூட்டத்தைச் சேர்க்கின்றன. கறிக்கடைக்காரர்களும் மண்டப நிர்வாகமும் மூடிய தொட்டியில் போட்டுத் தினமும் துப்புரவு வண்டியில் கொடுத்தால் சில மாதங்களிலேயே வேறுபாடு தெரியும். இதற்கு எந்த நீதிமன்ற உத்தரவும் தேவையில்லை.

2. கணக்கெடுங்கள். இளைஞர்கள் நான்கைந்து பேர் காலையில் ஒரு மணி நேரம் சுற்றினால் போதும். எந்தத் தெருவில் எத்தனை நாய்கள், அவற்றில் காது நுனி வெட்டப்பட்டவை எத்தனை, குட்டிகள் எத்தனை என்று எழுதிவிடலாம்.

3. எழுத்தில் கொடுங்கள். வார்டு உறுப்பினரிடம் வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். ஜமாஅத் கடிதத் தாளில் நகராட்சி ஆணையருக்கோ பேரூராட்சி செயல் அலுவலருக்கோ எழுதி, நகலில் முத்திரை வாங்குங்கள். யாருக்கு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் கடி நடந்தது என்பதையும் கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள். சென்னையில் 1913 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

4. பதில் இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். 10 ரூபாய்க் கட்டணத்தில், கடந்த ஆண்டு எத்தனை நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்டது, எவ்வளவு செலவானது, எந்த நிறுவனத்துக்கு வேலை கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

5. வண்டி வரும்போது உதவுங்கள். அறுவை சிகிச்சைக்காகப் பிடிக்க வருபவர்களைத் தடுப்பதும் தவறு, "மொத்தமாகக் கொண்டுபோங்கள்" என்று மிரட்டுவதும் தவறு. காது வெட்டப்படாத நாய்கள் எங்கே படுக்கும் என்று காட்டிக்கொடுங்கள். மூர்க்கமான நாய் இருந்தால் அதைத் தனியாக அடையாளம் காட்டி எழுதிக்கொடுங்கள்.

6. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நாயைக் கண்டு ஓடக் கூடாது, கல்லெறியக் கூடாது, குட்டி போட்ட நாயையும் தின்றுகொண்டிருக்கும் நாயையும் நெருங்கக் கூடாது. நாய் அருகில் வந்தால் கைகளை உடம்போடு ஒட்டி அசையாமல் நிற்க வேண்டும். மதரஸாவில் ஒரு நாள் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

ஒரு ஜும்ஆவில் இந்த விவரங்களைச் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் மனுவோடு நகராட்சிக்குப் போகலாம். நம் தெருப் பிள்ளைகள் அச்சமின்றி மதரஸாவுக்குப் போய்வரவும், வாயில்லா ஜீவன்களுக்கு நம் கையால் அநியாயம் நேராமல் இருக்கவும் அல்லாஹ் நமக்கு உதவி செய்வானாக. ஆமீன்.